காற்றுத் துளை வைத்த பெட்டி

கரமனைப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி தாசையனுக்கு ஒரு சவப்பெட்டிக் கடை. முப்பத்தொரு வருடமாக அவர் செய்த பெட்டிகளைப் பற்றி உள்ளே படுத்தவர் ஒருவரும் குறை சொன்னதில்லை என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பத்து வருடமாக அவரைப் பார்க்கிறேன். அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் ஒரு பாம்பைப் பார்த்து.

சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். மர வேலை தெரியும், பைபிள் தெரியும், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு தெரியும். அதனாலேயே சொந்தக்காரர்கள் அவர் முன்னால் அதிக நேரம் நிற்பதில்லை. பாம்பு என்றால் மட்டும் அவருக்கு உயிர் போகும் பயம். சாரையா நாகமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை, ஓடிவிடுவார்.

விஷ்ணுப்ரியா போன வருடம் அவர் கடைக்கு வந்தாள். ஸ்ரீவராகத்து அக்ரஹாரப் பெண், கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. அதற்கு முன் நான்கு பர்னிச்சர் கடைகளில் ஏறி இறங்கியிருந்தாள். நான்கு பேரும் பெட்டி யாருக்கு என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் கைவிரித்துவிட்டார்கள். கட்டில் செய்கிறவனுக்கு அதில் யார் படுக்கப்போகிறார்கள் என்று விசாரிக்க என்ன உரிமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தாசையன் அப்படிக் கேட்கவில்லை. உள்ளே யார் என்று துருவுவது அவர் தொழிலில் மரியாதை இல்லை.

"எத்தனை நீளம், மோளே?"

"மூணரை அடி, அங்கிள்."

தாசையனின் முகம் வாடிவிட்டது. மூன்றரை அடி என்றால் குழந்தை. குழந்தைப் பெட்டிக்கு அவர் கூலி வாங்குவதில்லை. அளவைச் சாக்கட்டியால் பலகையில் எழுதிவிட்டு, "எப்பம் நடந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு வருஷமா ஆத்துலதான் இருக்கு. இப்போ நன்னா வளந்துடுத்து. பழைய டப்பா போறலை."

பிறகு போனை எடுத்துப் படம் காட்டினாள். பெயர் பட்டு. பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்கிற சின்ன ஆப்பிரிக்க மலைப்பாம்பு, விஷம் கிடையாது, வனத்துறையில் பதிவு செய்த காகிதம் இருக்கிறது. தாசையன் தன் சொந்தக் கடையில் இரண்டடி பின்னால் போனார். ஆனால் அளவை எழுதியாகிவிட்டது. எழுதிய அளவை அழிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பாம்பு மூன்றரை அடி என்பதால் பெட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம், மூடியில் கண்ணாடி, ஒரு மூலையில் சூடு தருகிற மின்விரிப்பு, பக்கங்களில் காற்றுத் துளை.

"காத்து எதுக்கு?" என்றார் தாசையன். கொஞ்ச நேரம் கழித்து, "ஓ, செரிதான்" என்று தானே சொல்லிக்கொண்டார். இருபத்துநான்கு துளை போட்டார். போட்டுவிட்டு ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தார்.

பெட்டி பிரமாதமாக வந்தது. கை மட்டும் பழைய கைதானே. நான்கு பேர் தூக்குவதற்குத் தோதாக நான்கு பித்தளைப் பிடிகள் வைத்திருந்தார். அடியில் மரச்சீவல் பரத்தி, அதன்மேல் வெள்ளை சாட்டின் துணி சுருக்கம் வைத்துக் குண்டூசி குத்தியிருந்தார். அவள் இதையெல்லாம் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேனில் கொண்டுபோய் இறக்கி, மூடிக்கான நான்கு திருகாணிகளை ஒரு கவரில் போட்டு மேலே வைத்து, தலையைக் குனிந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினார்.

கவர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இறந்தவரின் மகன் துபாயிலிருந்து வந்து இறங்கிக் கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கும் வரை மூடியைப் பூட்டக் கூடாது. அதனால் தாசையன் திருகாணிகளைத் தனியாகத்தான் கொடுப்பார். முடுக்குவது வீட்டுக்காரர் கை. கடைக்காரன் கை முடுக்கினால் அடுத்த அளவு அவன் வீட்டிலேயே எடுக்க வேண்டிவரும் என்பது அவர் மனைவி சரசம்மாவின் திடமான நம்பிக்கை. அவருக்கும்தான். ஸ்ரீவராகத்தில் இது யாருக்குத் தெரியும்? அங்கே பெட்டியே கிடையாது, எல்லாம் நெருப்புதான். உபரி ஆணி என்று நினைத்து விஷ்ணுப்ரியா கவரை மேஜை டிராயரில் போட்டுவிட்டாள்.

அவள் அப்பா நாகேஸ்வரன், ஓய்வுபெற்ற செக்ஷன் ஆபீசர். பட்டு வந்த அன்றே ஒரு நிபந்தனையை டைப் அடித்து, மகளிடம் கையெழுத்து வாங்கி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். 'மேற்படி பிராணி தானாக ஒருமுறையேனும் பெட்டியை விட்டு வெளியேறுமாயின், மறுநாளே வீட்டை விட்டும் வெளியேற்றப்படும்.'

ஏழாம் நாள் சனிக்கிழமை காலையில் தாசையனுக்குப் போன் வந்தது.

"அங்கிள், மூடி கோணலா கிடக்கு. பட்டு பெட்டியில இல்லை."

தாசையன் நேராக டீக்கடைக்கு வந்தார். "முப்பத்தொண்ணு வருஷத்தில இப்படி ஒரு பராதி வந்ததில்லை" என்று என்னிடம் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. என் ஸ்கூட்டரில்தான் போனோம்.

வீடு தலைகீழாகக் கிடந்தது. அலமாரிகளை நகர்த்தியிருந்தார்கள், அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்திருந்தார்கள். விஷ்ணுப்ரியா அழுது வீங்கிய கண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். நாகேஸ்வரன் கையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த காகிதம்.

"கண்டிஷன் கண்டிஷன்தான். ஆம்படறதோ இல்லையோ, ஆம்பட்டா நாளைக்கே வித்த பெங்களூர்க்காராகிட்டயே திருப்பிக் குடுத்துடணும்" என்றார். சொல்லிவிட்டு டார்ச்சோடு குனிந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் மறுபடியும் பார்த்தார்.

தாசையன் மூடியைத் தொட்டுப் பார்த்தார். "திருகாணி முடுக்கலியா, மோளே?"

"எந்தத் திருகாணி?"

டிராயரிலிருந்து கவர் வந்தது. தாசையன் வழக்கத்தை விளக்கினார். நாகேஸ்வரன் பெட்டியையும் நான்கு பித்தளைப் பிடிகளையும் புதிதாகப் பார்த்தார்.

"அப்போ இது?"

"அதே மாடல்தான் சாமி. காத்து மட்டும் கூடுதல்."

"தப்பு எனக்கதாக்கும். சொல்லிக் குடுத்திருக்கணும். அதுக்குப் பிள்ளைகிட்டேருந்து பாம்பைப் பிரிக்காதீங்க சாமி" என்றார் தாசையன். பாம்புக்காக அவர் பரிந்து பேசியதை சரசம்மா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பிறகு குனிந்து பெட்டிக்குள் பார்த்தவர் அப்படியே நின்றார். "நான் பரத்தின சீவல் இப்படி இல்லை" என்றார். சூடு விரிப்பு இருந்த மூலையில் மூன்று குண்டூசி கழன்றிருந்தன. அங்கே மெத்தை இரண்டு விரல் உயர்ந்திருந்தது. துணி பலகையோடு ஒட்டியது என்று நினைத்து விஷ்ணுப்ரியா அதைத் தூக்கியே பார்க்கவில்லை. அவள் எழுந்து வருவதற்குள் தாசையன் உதடு முணுமுணுக்க, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மிச்சக் குண்டூசிகளைக் கழற்றித் துணியைத் தூக்கினார்.

சீவலுக்குள் பட்டு சுருண்டு கிடந்தது. வெளிச்சம் பட்டதும் தலையைக் கொஞ்சம் தூக்கி நாக்கை நீட்டியது.

தாசையன் கண்ணைத் திறந்தார். ஓடவில்லை. "உசிரோட இருக்கு" என்றார். இரண்டாவது முறையும் சொன்னார். அப்போதுதான் சிரித்தார். அவர் செய்த பெட்டிக்குள் ஒன்று அசைந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

விஷ்ணுப்ரியா பட்டுவை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். நாகேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை முதலிலிருந்து படித்தார்.

"வெளியேறுமாயின்னு போட்டிருக்கு. வெளியேறலை. ஆக்‌ஷன் எடுக்க வழியில்லை" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்போ மூடி ஏன் கோணலா இருந்தது?" என்றாள் அவள்.

அவர் சுவரைப் பார்த்தார். "கார்த்தால ஜபம் முடிஞ்சதும் ஒரு தடவை தொறந்து பாக்கறது உண்டு. பட்டு முழிச்சுண்டாளான்னு. இன்னிக்குச் சரியா மூடலை போலருக்கு."

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்பது அதுதான் முதல் முறை என்று விஷ்ணுப்ரியா பிறகு என்னிடம் சொன்னாள்.

பட்டு திரும்ப உள்ளே போனது. மூடியை நேராக வைத்து, "நீங்களே முடுக்கிடுங்கோ" என்று நாகேஸ்வரன் கவரை நீட்டினார். தாசையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வீட்டுக்காரங்கதான் முடுக்கணும் சாமி."

நாகேஸ்வரன் நான்கையும் ஒவ்வொன்றாகத் தன் விரலாலேயே முடுக்கினார். முடித்துவிட்டுக் கேட்டார், "கார்த்தால நானே தொறந்துக்கலாமோல்லியோ?"

எந்த வீட்டுக்காரரும் தாசையனிடம் இதுவரை கேட்காத கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாராளமா" என்றார்.