உதறல் அக்கா

எந்த வீட்டுச் சலவை இயந்திரத்தைப் பழுது பார்த்தாலும், அதோடு சேர்ந்து ஒரு சுற்று ஆடிப் பார்த்த பிறகுதான் உதறல் அக்கா கருவிப்பெட்டியை மூடுவார். துணி பிழியும் வேகத்துக்கு அது வரும்போது இவருடைய தோளும் இடுப்பும் அதே தாளத்தில் அதிர வேண்டும். தாளம் தப்பினால், "பேரிங் இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கு" என்று மறுபடி திருப்புளியை எடுத்துவிடுவார். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

அக்காவுக்குப் பெயர் வாங்கித் தந்த 'உதறல்' ஆட்டம் பிறந்ததே ஓர் இயந்திரத்தால்தான். இளவயதில் ஒருநாள், பழுது பார்க்கப் போன வீட்டில் அது கிளம்பி வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்ததாம். அக்கா ஓடிப்போய் இறுக்கிக் கட்டிக்கொண்டார். இயந்திரம் நின்றுவிட்டது, அக்காவின் உடம்பு நிற்கவில்லை. உதறிக்கொண்டே தெருவுக்கு வந்து, ரயில் நிலையச் சுரங்கப்பாதையில் சிநேகிதர்கள் ஆடிக்கொண்டிருந்த வட்டத்துக்குள் புகுந்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்த மயக்கத்தில் மேலே சாலையில் சிவப்பு விளக்கு பச்சையாக மாற மறந்து, மதியம்வரை ஊரே நின்றதாகக் கேள்வி. நம்புவதும் நம்பாததும் அவரவர் சௌகரியம். அந்த விளக்கு இன்றைக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் மாறுகிறது.

ஞாயிறு காலைகளில் கணவரின் தையற்கடை மாடியில் வகுப்பு. துணி மாட்டும் பொம்மைகளைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, வங்கிக் காசாளர், பேக்கரிக்காரர், எலியும் பூனையுமான ஒரு நாத்தனார்-அண்ணி ஜோடி என்று எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். ஆடுவதற்கு முன் அந்த அசைவு யாருடையது என்று உரக்கச் சொல்ல வேண்டும். நாய் துரத்திய அன்று தபால்காரர் கண்டுபிடித்தது 'தபால் பாய்ச்சல்'. சலூன்காரர் கால்களாலேயே முடி வெட்டிக் காட்டியது 'கத்தரி'. சொல்ல மறந்தால் அக்கா பாட்டை நிறுத்திவிடுவார். "ஸ்டெப்பு யாரோடதுன்னு தெரியாம ஆடுறது, பக்கத்து வீட்டுக் கொடியில கிடந்த சட்டையைப் போட்டுக்கிட்டு அவங்க வீட்டுக்கே விருந்துக்குப் போற மாதிரி!"

வட்டத்தில் அடுத்தவர் அசைவைத் திருடி ஆடினால், எதிரே நிற்பவர் இரண்டு முழங்கைகளையும் ஒட்டி, கைகளை முதலை வாய்போலத் திறந்து மூடிக் காட்டுவார். 'கடிச்சுட்டே' என்று அர்த்தம். தெரு ஆட்டக்காரர்களுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது.

அக்காவை நோக்கி அப்படிக் கை நீட்ட எவருக்குத் துணிச்சல் உண்டு? அதுதான் அவருடைய மனக்குறை. தலை நரைத்ததிலிருந்து, அவர் வட்டத்துக்குள் வந்தால் எல்லாரும் மரியாதையாகக் கைதட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். எதிர்த்து ஆட ஆளில்லை.

"நான் என்ன சிலையா?" என்று கணவரிடம் பொரிந்தார்.

"சிலைன்னா வாயை மூடிக்கிட்டு நிக்குமேம்மா."

"கிண்டலா? பாருங்க, இந்த வருஷமும் வெறும் கைதட்டல்தான்னா, இனிமே வட்டத்துக்குள்ள கால் வைக்கவே மாட்டேன். மாடியில சொல்லிக் குடுக்கிறதோட சரி."

தையற்காரர் ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினார். இது கோபத்தில் வந்த பேச்சில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆண்டுதோறும் நடக்கும் தெரு ஆட்ட விழாவின் வட்டம் அந்த முறை சந்தைக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் கூடியது. அக்கா இறங்கினார், உதறினார். உச்சியிலிருந்து விரல்நுனிவரை அதிர்ந்து, இயந்திரம் ஓய்வதுபோல் மெல்ல மெல்ல நின்றார். கைதட்டல். மரியாதையான, அளவான கைதட்டல். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. திரும்பி நடக்கப் போனார்.

அப்போது எதிர்வரிசையில் ஒரு ஜோடிக் கை முதலை வாயாகத் திறந்து மூடியது.

வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த நர்ஸ் பெண். "அடிப்பாவி, அந்த ஸ்டெப்பே அவங்களோடது!" என்று காசாளர் அவள் தோளை உலுக்கினார்.

அவளுக்கு முகம் வெளிறியது. ஓடிவந்தாள். "ஆன்ட்டி, சத்தியமா தெரியாது. ஃபோன்ல வேற யாரோ ஆடிப் பாத்திருந்தேன். அவங்களோடதுன்னு நினைச்சு..."

"என்னை யாருன்னே தெரியாதா உனக்கு?"

"தெரியாதுங்க."

அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "நல்லதாப் போச்சு! மன்னிப்பெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. என்னைப் பாத்து 'கடிச்சுட்டே'ன்னு சொன்னியே, உன்கிட்ட சொந்தமா என்ன இருக்கு? ஆடு."

"உங்களை எதிர்த்தா?"

"பின்னே, என் வீட்டுக்காரரை எதிர்த்தா? அவரு தையல் மெஷினைத் தவிர எது கூடவும் ஆடினது கிடையாது."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடினாள். ஒரு சக்கரம் சுழலாமல் சிக்கிக்கொண்ட நோயாளிக் கட்டிலை நீண்ட நடைக்கூடத்தில் தள்ளிப்போகும் ஆட்டம். ஒரு கால் ஓட, மறு கால் முரண்டு பிடித்தது. ஒருவரும் எங்கும் கண்டதில்லை. கூட்டம் விசிலடித்தது, "அக்காவை விடாதே!" என்று கத்தியது. பேக்கரிக்காரர்கூடக் கட்சி மாறிவிட்டார்.

விழாக்காரர் ஒருவர் பதறிப்போய், மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "நீங்க உக்காருங்கம்மா, உக்காருங்க."

அக்கா நாற்காலியைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். அந்த மெத்தைமேல் வலது காலைத் தூக்கி வைத்து, ஷூ கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.