பெண்கள் பக்கத்துச் சிரிப்பு

நான் கதைப் புத்தகம் வாசிக்கிறவன் என்பது சாய்ந்தமருதில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இதையும் எங்கோ வாசித்துவிட்டுச் சொல்கிறான் என்பார்கள். சொல்லட்டும். கீழே வரும் நேரங்களை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. அன்றைக்கே நாடகக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் குறித்தவை அவை.

2009ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். மே மாதம் யுத்தம் முடிந்திருந்தது. ஐந்து வருடங்களுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பெருநாள் மேடை. சுனாமி வீட்டுத்திட்டத்துக்கு அருகே வெறுங்காணியில் தகரப் பீப்பாய்களை அடுக்கி, மேலே பலகை போட்டிருந்தார்கள்.

நாடகம் சாலிஹ் மச்சான் எழுதியது. என் மூத்த சகோதரி ஜெமீலா ராத்தாவின் கணவர். தையல் கடை வைத்திருந்தவர். மெலிந்து உயர்ந்த மனிதர். எங்கள் மேடையில் பெண்கள் ஏறுவதில்லை. பெண் வேஷமெல்லாம் அவர்தான் கட்டுவார். 2005 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு 'மாமிக்கு மருந்து' போடுவதாக இருந்தது. நோட்டீசுக்குப் படம் பிடிக்க வேண்டுமென்று, 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் நடிகர்கள் ஐந்து பேரும் கடற்கரையோரச் சங்கக் கட்டடத்துக்குப் போனார்கள். மச்சான் சாரமும் சேட்டுமாக, கையில் ஒரு பையோடு புறப்பட்டார். என்னையும் கூப்பிட்டார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவன் நான்.

"நாவல்ல இன்னும் பத்துப் பக்கம் இரிக்கி மச்சான். முடிச்சிட்டு வாறன்" என்றேன்.

பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டின் நாவல். பத்துப் பக்கம் முடிவதற்குள் கடல் வந்துவிட்டது.

ஐந்து பேரில் நால்வரின் ஜனாஸாக்கள் கிடைத்தன. மச்சானுடையது கிடைக்கவில்லை. ஒவ்வொரு பள்ளிவாசலிலும், அடையாளம் தெரியாமல் அடக்கப்பட்ட ஆண்களின் பட்டியலை வரி வரியாகப் பார்த்தோம். இல்லை. நான் அழவில்லை. அன்றிலிருந்து எனக்குள் எல்லாம் மரத்துப்போய்விட்டது. நாவல்களில் மனிதர்கள் பக்கம் பக்கமாக அழுவார்கள். நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போவேன்.

ராத்தாவும் அழவில்லை. காத்திருந்தார்.

யுத்தம் முடிந்த அந்த வருடம் ஒலுவிலிலிருந்து ஒரு ஆசிரியர் ராத்தாவைக் கேட்டு வந்தார். அவருடைய மனைவியும் கடலோடு போனவர். காணாமல் போனவரின் மனைவி என்று காழி நீதிமன்றத்தில் காழியார் ராத்தாவின் பழைய திருமணத்தை நீக்கிக் கொடுத்திருந்தார். எல்லோருக்கும் சம்மதம். ராத்தாவுக்கு மட்டும் இல்லை.

"அவர் மௌத்தெண்டு கண்ணால கண்ட ஒரு ஆள் சொல்லட்டும். அதுக்குப் பொறகு கலியாணக் காவின் எழுதுங்க" என்பார்.

பெருநாள் முடிய முடிவு சொல்லவேண்டும். இல்லையென்றால் அந்த ஆசிரியர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். ராத்தாவுக்கு வயது முப்பத்தொன்று.

மாலை 3.50. பொல்லடி தொடங்கியது. பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று பொல்லோடு பொல் அடித்து ஆடினார்கள். றபான் மேளம் அதிர்ந்தது. கச்சான்கடலைக்காரனும் ஐஸ்பழக்காரனும் சனத்துக்குள் புகுந்து திரிந்தார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். முகம்தான் சிரித்தது.

மாமி வேஷம் இம்முறை ஷரிபுதீன் காக்காவுக்கு. எங்கள் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி. அரிசிக் கடைக்காரர். நல்ல உடம்பு.

"டேய் முர்ஷித், இது ஆருட சட்டைடா? மூச்சு விட்டா ஊசி தெறிக்கும்."

"மூச்சு விடாம நடிங்க காக்கா."

"அப்ப மாமி ரெண்டாம் காட்சியிலயே மௌத்துதான்."

ஆண்கள் மேடைக்கு முன்னால் பாய்களில் இருந்தார்கள். பெண்களுக்கு இடது பக்கத்தில் மறைப்பு. கயிறு கட்டிப் பழைய சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேடையைப் பார்த்த பக்கம் மட்டும் மெல்லிய துணி. அதற்குள்ளிருந்து அவர்களுக்கு நாடகம் தெரியும். எங்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். நான் மேடையின் இடது ஓரத்தில், தட்டிக்குப் பின்னால் கொப்பியோடு நின்றேன். மறைப்பு எனக்கு நாலு முழத் தூரத்தில்.

4.35. 'மாமிக்கு மருந்து' தொடங்கியது.

4.52. பரியாரி, மாமியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார்.

"நாக்க நீட்டுங்க."

மறைப்புக்குள் ஒரு சிரிப்பு. ஒரே ஒரு ஆளின் சிரிப்பு.

அதற்குப் பிறகுதான் ஷரிபுதீன் காக்கா சொன்னார்: "நீட்டினா மடக்க ஒரு கிழமை எடுக்கும் பரியாரியார்."

இப்போது சனம் முழுக்கச் சிரித்தது.

நான் கொப்பியைப் பார்த்தேன். சிரிப்பு, பகிடிக்கு முன்னால் வந்திருந்தது. யாரோ நடிகனின் தங்கச்சி ஒத்திகையை ஒளித்திருந்து கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் ஒத்திகை கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. கதவைச் சாத்தியவன் நான்.

5.10. "எங்க நோகுது?" என்று பரியாரி கேட்கிறார்.

மறுபடியும் அதே சிரிப்பு. ஒரு மூச்சு நேரம் முந்தி.

"மருமகளிட்டக் கேளுங்க. நோக வெக்கிற அவதான்."

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்ந்துவிட்டிருந்தது.

மெதுவான, களைத்த சிரிப்பு. தன் பகிடிக்குத் தானே சிரிக்கிற ஒருவரின் சிரிப்பு.

அடுத்ததை ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பயம் இருக்கவில்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

5.24. "ராவையில நித்திரை வருதா?" என்று பரியாரி கேட்டார்.

ஷரிபுதீன் காக்காவுக்கு இந்த இடம் எப்போதும் மறந்துபோகும். என் பக்கம் பார்த்தார். நான் எடுத்துக் கொடுக்க வேண்டும்: 'வரும். மருமகள் நித்திரை கொண்டா மட்டும் முழிப்பு வந்திரும்.'

நான் கொப்பியை மூடினேன்.

"சொல்லுடா..." என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

நான் சொல்லவில்லை.

மேடை அமைதி. சனம் அமைதி. ஒரு குழந்தை இருமியது.

ஒன்று... இரண்டு... மூன்று...

மறைப்புக்குள் அந்தச் சிரிப்பு எழுந்தது.

யாரும் சொல்லாத பகிடிக்கு.

ஆண்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஷரிபுதீன் காக்காவின் முகத்தில் பவுடரையும் மீறி வியர்வை வழிந்தது.

5.26. கடல் காற்று. மறைப்புச் சேலையின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயர்ந்தது.

கால்கள் தெரிந்தன. எல்லாக் கால்களிலும் பெருநாள் மருதோன்றி. ராத்தாவின் காலை எனக்குத் தெரியும். கொதிநீர் பட்ட தழும்பு.

அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள்.

பெரியவை.

மருதோன்றி இல்லை.

விரல்கள் வெளுத்து... சுருங்கி... நெடுநேரம் தண்ணீரில் கிடந்ததைப்போல.

சுற்றிலும் மண் காய்ந்திருந்தது.

சேலை இறங்கிவிட்டது.

யாரோ சமாளித்து ஆர்மோனியத்தை அமத்தினார்கள். பாட்டுத் தொடங்கியது. மிச்ச நாடகம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. கொப்பி ஓரத்தில் '5.41 முடிவு' என்று மட்டும் இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

ராத்தா வெளியே வந்தார்.

"ராத்தா, உங்களுக்குப் பக்கத்துல ஆரு இரிந்த?"

"தெரியாடா. ஆருடயோ வீட்டுக்கு வந்த விருந்தாளியா இரிக்கும். முகத்த மூடி இரிந்தா. ஒண்டும் கதைக்கல்ல."

"பொறகு?"

"எழும்பக்குள்ள என்ட கையப் புடிச்சா." ராத்தா தன் மணிக்கட்டைத் தடவினார். "சரியான குளிர் முர்ஷித். கனநேரம் விடல்ல."

6.02. மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

இரவு 8.10. எங்கள் வீட்டுக் கேற்றில் தட்டினார்கள். வெளியே ஒரு வயதான பெண். முன்பின் கண்டதில்லை. சல்மா உம்மா என்றார். நிந்தவூர். பெருநாளுக்கு இங்கே மகளின் வீட்டுக்கு வந்தவர், நாடகம் பார்த்தவர்.

"நாடகம் எழுதின மனிசன்ட பொண்டாட்டி ஆரு?"

ராத்தா முன்னால் வந்தார். சல்மா உம்மா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கதைத்தார்.

"சுனாமிக்கு மறுநாள் இங்கதான் நான் பொம்புளையாக்கள்ட ஜனாஸா பார்த்த. குளிப்பாட்ட நேரமில்ல. உடுப்போடயே அடக்கின. ஒரு உசந்த பொம்புளை. சேலை, வளையல் எல்லாம் இரிந்திச்சி. ஆம்புளையாக்கள் சேலையக் கண்டுட்டு அங்கால போயிட்டாங்க. நான்தான் தாடையக் கட்டின. கட்டக்குள்ள கையில துருத்தின குரல்வள தட்டுப்பட்டிச்சி."

அவர் ராத்தாவின் முகத்தைப் பார்த்தார்.

"அது ஆம்புளை, மகள்."

ராத்தா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லலாம் எண்டுதான் வாயெடுத்தன். பொம்புளை உடுப்போட மௌத்தான மனிசன்... சொன்னா அந்தக் குடும்பத்துக்குக் கொறச்சல் எண்டு நினைச்சன். மூடிட்டன். நாடகத்துக்கு உடுத்த உடுப்பெண்டு எனக்கு எப்படித் தெரியும்? இண்டைக்கி அந்தத் தடிச்ச மனிசன் சேலையோட மேடையில நிக்கக்குள்ளதான் பொறி தட்டினது. முந்தி ஆரு இந்த வேசம் கட்டின எண்டு பக்கத்துல கேட்டன். சொன்னாங்க."

ஐந்து வருடம் நாங்கள் ஆண்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எந்த இடம்?" ராத்தாவின் குரலில் ஒன்றும் இல்லை.

"பொம்புளையாக்கள்ட வரிசையில. வேலிப் பக்கமிருந்து ஏழாவது கபுறு."

ராத்தா தலையாட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஒலுவிலுக்குச் சொல்லி அனுப்பு. இத்தா இரிந்து முடியட்டும். அதுக்குப் பொறகு வரச் சொல்லு."

விதவைக்குரிய இத்தா ஒதுக்கத்தில் நாலு மாதமும் பத்து நாளும் இருந்தார். 2010 பெப்ரவரியில் காவின் எழுதினார்கள். இப்போது ஒலுவிலில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். பக்கத்தில் இருந்தது யார் என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

அன்று இரவு 8.55க்கு சல்மா உம்மாவைக் கேற்றுவரை கொண்டுபோய் விட்டேன். அவர் வெளியே போகவில்லை. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மனே... ராத்தாட்ட ஒண்டு சொல்லல்ல நான்."

"என்ன உம்மா?"

"மறைப்புக்குள்ள, ராத்தாக்குப் பக்கத்துல இரிந்தவட முகத்துத் துணி காத்துக்கு விலகினது. நான் கண்டன். அண்டைக்கி என்ட முந்தானையக் கிழிச்சித்தான் தாடையக் கட்டினன். பச்சத் துண்டு. அந்தக் கட்டு அப்படியே இரிந்திச்சி."

சல்மா உம்மா உள்ளே திரும்பி, ராத்தா வரவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"நீங்க எல்லாரும் சிரிப்புக் கேட்டீங்கதானே?"

"ஓம்."

"வாய் திறக்க ஏலாது மனே. நான் இறுக்கித்தான் கட்டின."