அம்மா தமிழில் வைத்த கையெழுத்து

அம்மா துப்புரவு வேலை செய்த லண்டன் அலுவலகத்தில், கதிரையில் இருந்து வேலை பார்ப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு. அந்தக் கதிரையைத் துடைப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளம் இல்லை. காய்ச்சல் என்ன, ஆள் பார்த்தா வருகிறது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அங்கே கூட்டித் துடைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கொலம்பியா, பொலிவியா, எக்குவடோர் நாட்டவர்கள். தமிழ் ஆள் அம்மா ஒருவர்தான். எக்குவடோர் அன்ரி ஒருவர் அம்மாவுக்கு நல்ல கூட்டு. இருவருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தாலும் ஒரு கடிதம் எழுதக் காணாது. அன்ரி விடவில்லை. எங்களுக்கும் அதே லீவு வேண்டும் என்று தன் மகளைக் கொண்டு விண்ணப்பம் எழுதுவித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்.

எங்கள் விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. அம்மாவுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. கடைசியில் தன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"வெள்ளைக்காரருக்குத் தமிழ் வாசிக்க ஏலுமே?" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பாவும் அதைப் பெரிய கெட்டித்தனம் என்றே நினைத்தார்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் மேலாளர் அம்மாவைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க எட்டு வயது மகளான நானும் போனேன். அவருக்குச் சந்தேகம் ஏற்கெனவே இருந்திருக்கும், சாட்சிதான் தேவைப்பட்டது. எனக்கு ஒரு பிஸ்கட் தந்து, உங்கள் மொழியை வாசிக்கத் தெரியுமா என்று கேட்டு, அந்த விண்ணப்பத் தாளை என் பக்கம் நகர்த்தினார். ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான்தான் முதலாம் பிள்ளை. அப்பாவின் முதலெழுத்தையும் விடாமல், அம்மாவின் பெயரை உரத்து வாசித்தேன். அம்மா என் கையை இறுகப் பிடித்தார். பெருமையில் என்று நினைத்தேன்.

மேலாளர் என்னைப் பாராட்டினார். பிள்ளையின் வாயாலேயே தாயைக் காட்டிக்கொடுக்க வைத்த மனிதரால் சிரிக்கவும் முடிந்தது. அடுத்த கிழமையிலிருந்து அம்மாவுக்கு ஷிப்ட் இல்லை; அன்ரிக்கும் இல்லை. அன்ரியும் அவருடைய ஆட்களும் மாதக்கணக்காக வாசலில் பதாகையோடு நின்று அந்த லீவை வாங்கினார்கள். அதை அனுபவிக்க அம்மா அங்கே இருக்கவில்லை.

அன்று மேலாளரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பஸ்ஸில் அம்மா என்னை யன்னலோரம் இருத்தினார்.

"நான் ஒரு எழுத்தும் பிழைவிடேல்லை, என்னம்மா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, வடிவா வாசிச்சாய்."

மேலாளர் பாராட்டியதைச் சனிக்கிழமை தமிழ் ரீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.