முனிக்கு நேர்ந்துவிட்ட சேவல்

எழுபதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். ரோமப் பேரரசின் பிற்காலம் என் பாடம். பேரரசர்கள் கிறிஸ்துவத்துக்கு மாறினார்கள். பலியிடத் தடை வந்தது. பழைய கோயில்கள் பூட்டப்பட்டன, சில தேவாலயங்களாயின. ஆனாலும் ஊற்றுக்கரையிலும் மரத்தடியிலும் சனங்கள் விளக்கேற்றுவதை விடவில்லை என்று திருச்சபை ஆயர்கள் புலம்பிக்கொண்டே இருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு வகுப்புகளுக்கு இதைச் சொல்வேன். எங்கள் தெருவுக்கு எதிரே, ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியோரம் இதே பாடம் நடக்கும் என்று நினைக்கவில்லை.

அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதனடியில் முழங்கால் உயரக் கல், மூன்று சூலங்கள். தண்டவாளம் போட வந்தவர்கள் நட்ட முனி. சுருட்டு, ஸ்டவுட் பீர் போத்தல், சேவல் எல்லாம் அவருக்குப் படையல். நான் டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் மனைவி அந்தக் கல்லின் முன்னால் நின்று, என்னைத் திருப்பிக் கொடுத்தால் சேவல் தருவதாக நேர்ந்துகொண்டாள். பிழைத்தேன். மருந்தால் பிழைத்தேன் என்று பல முறை சொல்லிப் பார்த்தேன். அவள் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நான் தேறி நடக்கட்டும், பிறகு சேவல் கொடுக்கலாம் என்று காத்திருந்தாள்.

அதற்குள் அந்த இடத்தில் பிள்ளையார் கோயில் கட்ட ஒரு கமிட்டி அமைந்துவிட்டது. பதினோரு பேர். படித்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தலைவர் நான்கு லோரி வைத்திருந்தவர். நல்ல மனிதர், அவசரக்காரர். கோபுரம், ஆகம பூஜை, இந்தியாவிலிருந்து குருக்கள் என்று எல்லாம் முடிவாயிற்று. பலி நடக்கும் இடத்தில் குருக்கள் கால் வைக்கமாட்டாராம். ஆகவே கல்லைப் பெயர்த்து டெங்கிலில் ஒரு தோட்டத்தோரம் வைப்பதென்று பேச்சு.

வீட்டில் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"நேர்ந்தது இந்த இடத்துல. டெங்கில்ல இல்ல."

அடுத்த கூட்டத்தில் எழுந்து ரோமைப் பற்றிப் பேசினேன். சாமியை நகர்த்தலாம், கும்பிடுகிறவர்களை நகர்த்த முடியாது, வேலிக்கு வெளியே நின்று கும்பிடுவார்கள் என்றேன். நான்கு பேர் கொட்டாவி விட்டார்கள்.

"சார், அது ரோம். இது பிரிக்பீல்ட்ஸ் லா," என்றார் தலைவர். "அங்க முனி இருந்தாரா?"

"முனி இல்ல. மரம் இருந்துச்சு."

"அப்ப மரத்தையும் வெட்டிடுவோம். பிரச்சனை முடிஞ்சுது," என்றார் பொருளாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் என் மனைவி உள்ளே வந்தாள். கமிட்டிக் கூட்டத்துக்குப் பெண்கள் வரும் வழக்கமில்லை. நேராகத் தலைவரிடம் பேசினாள்.

"அண்ணே, கிள்ளான்ல ஒரு கோயில்ல பாத்திருக்கேன். முனிக்குக் கோழி அறுக்கறப்ப பிள்ளையாருக்குத் திரை போட்டுடுவாங்க. அவரும் பாக்க வேணாம், ஐயரும் பாக்க வேணாம். கழுவி விட்டப்புறம் திரையை எடுத்தாப் போதும்."

தலைவர் தலையைச் சொறிந்தார். "சரிக்கா. உங்க நேர்த்தி முடியற வரைக்கும் கல்லு இங்கேயே இருக்கட்டும். அதுக்கப்புறம் டெங்கில். யாரும் பேச்சு மாறக் கூடாது. சம்மதமா?"

பதினோரு கைகளும் உயர்ந்தன.

"எப்பக்கா முடியும்? தைப்பூசத்துக்குள்ள முடிஞ்சிருமா?"

"வருஷத்துக்கு ஒரு சேவல்னு நேர்ந்திருக்கேண்ணே."

"எத்தனை வருஷத்துக்கு?"

அவள் என்னைக் காட்டினாள். "இவரு இருக்கிற வரைக்கும்."

எனக்கே அப்போதுதான் தெரியும். பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தன. பழைய லோரியை விலை பேச வந்தவர்போலத் தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ரொம்ப நாள் ஆகாது லா," என்றார்.

என் மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மறுநாளே சீனியை நிறுத்தினேன். தினமும் காலையில் குவார்ட்டர்ஸைச் சுற்றி மூன்று சுற்று நடக்கத் தொடங்கினேன். கோபுரம் எழுந்தது, கும்பாபிஷேகம் நடந்தது. ஆண்டுக்கொரு முறை குருக்கள் தம் கையாலேயே திரையை இழுத்து மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். தலைவர் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

எழுபதைத் தாண்டிவிட்டேன். முட்டி வலிக்கிறது, இருமல் விடவில்லை, இரவில் தூக்கம் சரியில்லை. இப்போதைய கமிட்டிக்காரர்கள் என்னைக் கண்டால், "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள். எதற்கு விசாரிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே இன்னொரு சுற்று நடக்கிறேன்.