முதல் கைதட்டு

எங்கள் அக்கா ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டின் மூத்த மகளாய்ப் பிறந்தார். சிறு வயதில் மாதா கோயில் ஆர்மோனியத்தில் வைத்த விரலை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

படித்தது கண்டியில். பிள்ளைகளுக்குப் பியானோ வகுப்பு நடத்திப் பிழைத்துக்கொண்டே, வயலின்களுக்கும் பாடகர் குழுவுக்கும் மேற்கத்தியப் பாணியில் புதிய செவ்வியல் இசை எழுதினார். இசையமைப்பாளர் என்றதும் உறவினர்கள், "எந்தப் படத்துக்கு?" என்பார்கள். "இன்னும் படம் எடுக்கல" என்பார் அக்கா, முகம் மாறாமல்.

அப்பா மட்டும் அவருடைய கச்சேரி எதற்கும் போனதில்லை. "எனக்கு வெளங்காது" என்று ஒதுங்கிவிடுவார். அக்காவுக்கு இருந்த ஒரே மனக்குறை அதுதான்.

கண்டியில் அவருடைய பெரிய படைப்பு அரங்கேறியபோது, அம்மாவின் நச்சரிப்பால் அப்பா முதன்முறையாக வந்தார். இசைக்கு நடுவில் அக்கா நீண்ட மௌனம் ஒன்றை வைத்திருந்தார். முடிந்துவிட்டது என்று நினைத்த அப்பா எழுந்து பலமாகக் கைதட்டினார். தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த நாங்களும் சேர்ந்து தட்டினோம். மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. மேடையில் குழுவை நடத்திக்கொண்டிருந்த அக்கா திரும்பி, அப்பாவுக்குத் தலைவணங்கிவிட்டு மிச்சத்தை நடத்தினார்.

வெளியே வந்த அப்பா தலை நிமிரவில்லை. "கெடுத்துப்புட்டேனேம்மா. இனிமே வரமாட்டேன்."

"இல்லப்பா. அந்த எடத்துல என்னமோ கொறையுதுன்னு இவ்வளவு நாளாத் தேடுனேன். நீங்க தட்டுனதும்தான் சரியாச்சு."

சமாதானத்துக்குச் சொல்கிறார் என்றே நினைத்தோம். ஆனால் அந்த மௌனத்தில் சபையில் ஒருவர் எழுந்து கைதட்ட வேண்டும் என்று இசைத்தாளிலேயே எழுதிச் சேர்த்துவிட்டார். அதன்பின் அப்பா ஒரு கச்சேரியையும் விட்டதில்லை. "என்னோட எடம் வரும்ல, போகாம இருக்க முடியுமா?" என்று சட்டையை அயன் பண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெளிநாட்டில் அதை இசைத்தபோது வேறு யாரோ தட்டியதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

போன வருடம் நோயில் கிடந்த கடைசி நாட்களிலும் அக்கா எழுதினார், தாதியரைச் சிரிக்கவைத்தார். அவருடைய அடக்கத் திருப்பலியில் பாடகர் குழு அதே படைப்பைப் பாடியது. மௌனம் வந்தது. அப்பாவின் கைகள் மடியிலேயே கிடந்தன. பாடகர்கள் அவரைப் பார்த்தபடி காத்து நின்றார்கள். பிறகு அவர் மெல்ல எழுந்து தட்டினார். கோயில் முழுவதும் சேர்ந்து தட்டியது. நாங்கள் அழுதுகொண்டே சிரித்தோம்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர், பாடகர் குழுவினர், மழையிலும் வந்து நின்ற உறவுகள், வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பிய திகன டவுன் கடைக்கார நானா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனம் நிறைந்த நன்றி.

ஓராண்டுத் திருப்பலியிலும் அதையே பாடுகிறார்கள். மௌனம் வரும்போது தயவுசெய்து யாரும் முந்திக்கொள்ள வேண்டாம். அப்பா சட்டையை அயன் பண்ணி வைத்துவிட்டார்.

— தம்பி