மஞ்சள் வயர்

சித்தப்பாவின் வேனுக்குள் ஒரு கம்பியூட்டர் இருக்கிறது என்பதே அது கெட்டுப்போன பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ராகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது கம்பியூட்டரைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. பாடசாலைக்கு ஒன்று வந்து, பூட்டிய அறைக்குள் துணி போர்த்திக் கிடந்தது. அப்படியிருக்க, லீக்ஸ் மரக்கறி மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்குகிற பழைய ஜப்பான் வேனுக்குள் இன்னொன்று இருக்கிறதென்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பினேன். மறுநாளே வகுப்பில் சொல்லிப் பொய்க்காரி என்ற பெயரும் வாங்கினேன்.

சித்தப்பா கல்யாணம் முடித்த கையோடு வாங்கிய வேன் அது. சித்தியும் வேனும் ஒரே மாதத்தில் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தார்கள். சித்திக்கு ஊர் வட்டகொடை. வந்த வாரமே வேனின் வெள்ளிக்கிழமைப் பூசையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். முன்கண்ணாடிக்குக் கீழே, இடது ஓரத்தில் இரும்புச் சட்டம் போட்ட முருகன் படம் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துப் பூ வைத்து, சூடம் காட்டி, செம்பில் கரைத்த மஞ்சள் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளிப்பாள். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது அவள் கட்சி. இடது பக்க முன்சீட்டு என்னுடையது என்பதால், வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை என் முழங்காலில் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்துகொண்டே இருக்கும். நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

கொஞ்ச நாளில் வேன் ஏற்றத்தில் நின்றுபோகத் தொடங்கியது. காரணமில்லாமல் நிற்கும், அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். ஒரு கல்யாண வீட்டுக்காரர்களை இறம்பொடை வளைவில் இறக்கி, பட்டுச் சேலைகளோடு தள்ளவைத்தது. அதற்குப் பிறகு வேனை ஹயருக்கு, வாடகைக்குக் கூப்பிடுவது குறைந்தது. சித்தப்பாவின் பிழைப்பே அந்த வேன்தான். அவர் வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தவள் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். பக்கத்துக் காம்பரா அறையில் இருந்துகொண்டு இரண்டு குடும்பத்தையும் நடத்தியவள். "அவ கால வச்ச நேரம்" என்று முதலில் முணுமுணுத்தாள். பிறகு சித்தியின் காதில் விழும்படியே சொன்னாள். சாத்திரம் பார்க்கிறவரிடம் போய் வந்து, தை பிறக்கும்வரை தம்பி பெண்சாதிக்குக் காலம் சரியில்லை, தாய் வீட்டில் விட்டுவைப்பதுதான் நல்லது என்று தீர்ப்பும் கொண்டுவந்தாள். அப்படி 'கொஞ்ச நாளைக்கு' என்று கொண்டுபோய் விடப்பட்டு, நல்ல காலமே பிறக்காமல் அங்கேயே தங்கிவிட்ட ஒருத்தியின் கதை எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சித்திக்கும் தெரிந்திருக்கும். சித்தப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கோ உள்ளூரக் குதூகலம். வட்டகொடையில் ரயில் உண்டு. சித்தியின் வீட்டு வாசலில் நின்றால் ஸ்டேஷன் தெரியும் என்று அவளே சொல்லியிருந்தாள். சித்தியைக் கொண்டுபோய் விடும்போது என்னையும் கூட்டிப்போக வேண்டும் என்று அழுது அனுமதி வாங்கிவிட்டேன். அதற்கு முதலில் வேன் ஓட வேண்டும்.

ராகலைக் கராஜ் மெக்கானிக்கைப் பாஸ் என்போம்; அவர் ஒரு சிங்களவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். அது அவர் சொந்தமாகச் செய்துகொண்ட தமிழ். சித்தப்பாவை மட்டும் 'மல்லி' என்பார், தம்பி என்று அர்த்தம். டாஷ்போர்டில் மினுங்குகிற சிவப்பு லைட்டைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் நல்லம். மூளைதான் செத்துப்போச்சு" என்றார். என் சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, அந்த மூளையான கம்பியூட்டர்ப் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பரை எழுதிக்கொடுத்தார். வேனைக் கராஜிலேயே விட்டுவிட்டு, சித்தப்பா கொழும்புக்குப் போய், பழைய சாமான் கடைகளில் தேடி ஒன்றைக் கொண்டுவந்தார். கடைசி எழுத்து மட்டும் வேறு. ஓர் எழுத்துதானே என்று சித்தப்பா மன்றாடிப் பார்த்தார். அது தானாகக் கியர் மாற்றும் வேனின் மூளை, இந்த வேனில் போட்டால் இதுவும் கெட்டு அதுவும் கெடும் என்று பாஸ் தொடவே மறுத்துவிட்டார். சித்தப்பா மறுபடியும் கொழும்புக்குப் போனார்.

சரியான பெட்டி வந்த அன்று, சித்தப்பாவும் சித்தியும் நானும் பஸ்ஸில் கராஜுக்குப் போனோம். வேன் ஓடினால் அங்கிருந்து நேரே வட்டகொடைக்குப் போவதாக ஏற்பாடு. கராஜ் வாசலில் ஒரு கழற்றிய சீட் கிடந்தது. சித்தி அதில் உட்கார்ந்து, துணிப் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

பாஸ் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து ஒவ்வொரு ஆணியாக எடுத்தார். பையோடு எங்கே பயணம் என்று அவர் கேட்க, சித்தப்பா எல்லாவற்றையும் சிங்களத்தில் கொட்டித் தீர்த்தார். சித்திக்குப் புரியாது என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கே புரிந்தது. பாஸ் கேட்டுக்கொண்டே, சாப்பாட்டுப் பெட்டி அளவில் இருந்த அந்தத் தகரப் பெட்டியை வெளியே இழுத்தார்.

புதியதை உடனே மாட்டிவிடச் சொல்லி சித்தப்பா அவசரப்பட்டார். இது ஏன் செத்தது என்று தெரியாமல் மாட்டினால் அதுவும் சாகும் என்று சொல்லி, பாஸ் பழைய பெட்டியின் மூடியைத் திறந்தார். சித்தப்பா மறுபக்கம் நின்று பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தவள் நான் மட்டும்தான். உள்ளே பச்சைப் பலகையில் பொடிப் பொடியாக என்னென்னவோ. ஒரு மூலையில் மட்டும் சேறு காய்ந்ததுபோல ஏதோ படிந்து வெடித்திருந்தது. பாஸ் அதை விரலால் தொட்டு முகர்ந்தார். "கஹ" என்றார், தனக்குத்தானே.

அந்தத் தவணை சிங்களப் பாடத்தில் நான்தான் முதல். நிறங்களெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். "கஹன்னா மஞ்சள், சித்தப்பா" என்று கராஜ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

சித்தி எழுந்துவிட்டாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. சித்தப்பா கையிலிருந்த துணியோடு திரும்பி, "மஞ்சளா? எங்க மஞ்சள்?" என்றார்.

பாஸ் சித்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, தொங்கிக்கொண்டிருந்த வயர்க் கட்டிலிருந்து சாவகாசமாக ஒன்றைப் பிரித்து உயர்த்திக் காட்டினார்.

"ஆ, மஞ்சள். மஞ்சள் வயர். இது வழியாத் தண்ணி இறங்கி இருக்கு, மல்லி. மழைத் தண்ணி. கண்ணாடி ரப்பர் பழசு. இந்த ஜாதி வேன் எல்லாம் மழைக் காலம் இப்படித்தான் சாகும். இதுக்கு யார் மேலயும் குத்தம் இல்ல."

பேசிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் அந்த மூலையைச் சுரண்டி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மஞ்சள் என்றது வயரை அல்ல, நான் பார்த்தேனே. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, சித்தி பின்னால் வந்து என் தோளைப் பிடித்தாள். அப்படி நோகப் பிடித்ததே இல்லை. சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

புதிய பெட்டியை மாட்டினார்கள். நன்றாகவே இருந்த கண்ணாடி ரப்பருக்குப் பாஸ் சுற்றிவரப் பசை பூசினார். முருகன் படத்தைத் தன் கையாலேயே பெயர்த்து, வலது பக்கம் ஒட்டினார். படச் சட்டத்தின் இரும்பு கம்பியூட்டருக்கு ஆகாது, பூவும் பிளாஸ்டிக்கில் வைத்தால் போதும் என்றார். இந்தச் செய்தி எப்படியோ பரவி, கொஞ்ச நாளில் ராகலை ஸ்டாண்டில் நின்ற வேன்களிலெல்லாம் சாமிகள் வலது பக்கத்துக்கு மாறிவிட்டார்கள். கம்பியூட்டர் இல்லாத வேன்களிலும்தான்.

சாவியைத் திருப்பியதும் சிவப்பு லைட் எரிந்து அணைந்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. சித்தப்பா இறங்கி வந்து, கீழே கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டினார்.

"வீட்டுக்குப் போவமா?" என்று சித்தியிடம் கேட்டார்.

சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். நான் ஓவென்று அழுதேன். வட்டகொடை போயிற்று, ரயில் போயிற்று. எல்லாம் இந்த பாஸ் சொன்ன பொய்யால் வந்தது என்று நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது. அவரோ வெட்டிப்போட்ட வயர்களில் மஞ்சளாக ஒன்றைத் தேடியெடுத்து, "இந்தா துவே" என்று என் மணிக்கட்டில் வளையலாகச் சுற்றிவிட்டார். துவே என்றால் மகளே. அதுவும் எனக்குத் தெரியும் என்று விசும்பிக்கொண்டே சொன்னேன்.

வீட்டில் சித்தப்பா நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அத்தைக்கு யாரையாவது ஏசியே ஆகவேண்டும். வாசலுக்கு வந்து மழையை ஏசினாள். அடுத்த வெள்ளிக்கிழமை சித்தி மஞ்சள் தண்ணீரை நான்கு டயர்களுக்கு மட்டும் தெளித்தாள். என் முழங்கால் அன்றைக்கு நனையவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் தீபாவளிப் பலகாரத்தின் முதல் தட்டு கராஜுக்குத்தான் போகும். கொண்டுபோவது என் வேலை. பாஸ் தட்டை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பார்: கஹ என்பதற்குத் தமிழில் என்ன? மஞ்சள் என்பேன். "ஆ, மஞ்சள் வயர்" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஊரில் உள்ள வேன்களின் நம்பரையெல்லாம் மனசில் வைத்திருக்கிற மனுசருக்கு இந்த ஒரு சொல் மட்டும் ஏன் நிற்பதில்லை என்று ஒரு தீபாவளிக்குச் சித்தியிடம் கேட்டேன். அவள் அடுத்த தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு அது நிக்காது. நீ போறப்பல்லாம் சொல்லிக் குடு" என்றாள்.

நானும் வருடா வருடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.