ஓரெழுத்து வேலை

"சாவி, உண்மையைச் சொல்லு. என் பிள்ளை பாஸா, ஃபெயிலா?"

உறைபெட்டி அறையின் வாசலில், ஒரு தோளில் பையும் மறு கையில் பாதி தின்ற ரொட்டியுமாக நின்று கேட்டாள் அவசரம்.

"ரொட்டியோட உள்ள வராத."

"சரிம்மா, வாசல்லயே நிக்கிறேன். சொல்லு."

"நடுவுல அந்த ஆறெழுத்து இருக்கு."

"எந்த ஆறெழுத்து?"

"கத்திரிக்கோல் தேடுற ஆறெழுத்து."

அவசரம் மெல்லுவதை நிறுத்தினாள். "இருக்காதே! நான் பார்த்தேனே."

"பார்த்திருப்ப. அவசரமா."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏ துண்டுகளைப் பொதுப் பாகங்களாகச் சேமித்து வைத்திருந்தார்கள். ஒன்று மரபணுவை முடுக்கிவிடும், இன்னொன்று நிறம் தரும், வேறொன்று வேலையை நிறுத்தும். பாக்டீரியாவுக்குள் ஏற்றி, சிறு குழாய்களில் உறையவைத்திருப்பார்கள். எல்லாப் பாகங்களின் முனைகளும் ஒரே அச்சில் இருப்பதால் எதையும் எதனுடனும் ஒட்டலாம். முனையை வெட்டும் நொதிக்குத்தான் கத்திரிக்கோல் என்று பெயர். டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட ஆறெழுத்து வரிசையை எங்கே கண்டாலும் அது வெட்டிவிடும். அந்த ஆறெழுத்து முனைகளில் மட்டும் இருக்க வேண்டும். நடுவயிற்றில் இருந்தால் பாகம் இரண்டாகப் போய்விடும். அப்படிப்பட்டதற்குப் பொதுத் தொகுப்பில் இடமில்லை.

தொகுப்பைக் காப்பவள் சாவி. உறைபெட்டியின் சாவி இவள் கழுத்தில் தொங்கியதால் அதுவே பெயராகிவிட்டது. அதிகம் பேசமாட்டாள். எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். அது 'கேட்டுக்கொண்டேன்' என்ற "ம்"மா, 'செய்கிறேன்' என்ற "ம்"மா என்று கூட வேலை செய்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். குழாயை வெளியே எடுத்து உருகவிட்டால் மட்டும் வாய் திறக்கும்: "சுரண்டி எடுத்துட்டு உடனே வை. உருகினா உள்ள இருக்கறது செத்துப்போகும்."

"சுரண்டிப் பிழைக்கிறதுதான் இந்த லேப்போட சட்டம்," என்பாள் அவசரம்.

ஓடி வந்து ஓடிப் போகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மகளைப் பள்ளியில் விடுவதற்கும் கூட்டிவருவதற்கும் இடையில் கிடைத்த நேரம்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஒருநாள் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு வந்து நின்றாள். யாரோ சொன்ன பிறகு குனிந்து பார்த்து, "வீட்டுலயும் இதே மாதிரி ஒரு ஜோடி இருக்கு," என்றாள். உறைபெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள். "இதுங்களுக்கு என்ன குறைச்சல்? வயசே ஆகாது."

அவள் குடியிருந்த கட்டடத்தில் குழாய்கள் பழையவை. மகளுக்குத் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் அதில் ஈயம் கலந்திருக்குமோ என்று பயம். அந்தப் பயத்திலிருந்துதான் அவளுடைய பாகம் பிறந்தது. ஈயம் பட்டால் பாக்டீரியாவை ஊதாவாக்கும் ஒரு விசை. முதல்முறை ஊதா ஏறியபோது தட்டைத் தூக்கிக்கொண்டு நடைவழி முழுக்க ஓடினாள். அன்று மட்டும் அந்த ஓட்டத்துக்குப் பள்ளிமணி காரணமில்லை.

அந்தப் பாகத்தைத்தான் சாவி திருப்பி அனுப்பினாள். சட்டப்படி அது சரி. ஆறில் ஓரெழுத்தை மாற்றினால் கத்திரிக்கோலுக்கு அது தெரியாது, பாகத்தின் வேலையும் கெடாது. அப்படிச் சரிசெய்யலாம் என்று அவசரம் கிளம்பியபோது கணவருக்கு மாற்றல் வந்துவிட்டது. போகிற ஊரில் ஆய்வுக்கூடமே இல்லை. அவள் செய்த பாகம் அது ஒன்றுதான். தொகுப்பில் சேர்ந்தால், அதோடு எத்தனையோ ஆய்வுக்கூடங்களுக்குப் போகும். சேராவிட்டால் ஒரு குழாயில் உறைந்து கிடக்கும். கடைசி நாளன்று அவசரம் சாவியிடம் ஒன்று கேட்டாள். இவள் "ம்" என்றாள்.

செய்யக் கூடாது என்று நினைக்கவில்லை. அந்த முறை தொகுப்பு அனுப்பும் நெருக்கடி. அடுத்த முறை உறைபெட்டி மாற்றினார்கள். குழாய், கீழ்த்தட்டில் 'பிறகு' என்று எழுதிய பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டிக்குள் போனது எதுவும் வெளியே வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

வருடங்கள் கழித்து ஒட்டும் முறையே மாறியது. புதிய கத்திரிக்கோல் தேடும் எழுத்துகள் வேறு. பழைய ஆறெழுத்து இனி குற்றமே இல்லை. 'பிறகு' பெட்டியைக் காலி செய்யும்போது அந்தக் குழாய் சாவியின் கைக்கு வந்தது. சுரண்டி எடுத்து வளர்த்தாள். ஈயக் கரைசல் ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் தட்டு ஊதாவாக இருந்தது.

அன்றே தொலைபேசியில் அழைத்தாள்.

"அடி சாவி! நீயா? நீயா போன் பண்ற? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உன் ஊதா..."

"ஐயோ, அதை மறப்பேனா? என் பொண்ணு இப்ப காலேஜ். அவகிட்ட பீத்திக்கிட்டே இருப்பேன், உலகத்துல எத்தனையோ லேப்ல அம்மா செஞ்சது இருக்குன்னு. அவ நம்பவே மாட்டா. 'சாவி கையில கொடுத்தேன்டி, அது போகாம இருக்குமா?'ன்னு கேப்பேன். நிறைய பேர் எடுத்தாங்களா?"

சாவி வாயைத் திறந்தாள். வந்தது அந்த ஒரே எழுத்துதான்.

"ம்."

"பார்த்தியா!" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. பின்னால் குக்கர் விசில் அடித்தது. "இரு, அடுப்புல வெச்சிருக்கேன். அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவள் அழைக்கவில்லை. இவளும் அழைக்கவில்லை.

பாகத்தை அப்படியே தொகுப்பில் சேர்த்திருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாவி அந்த வாரம் வேறு வேலை தொடவில்லை. யாருக்கும் இனி தேவைப்படாத அந்த ஓரெழுத்து மாற்றத்தைச் செய்தாள், படித்துச் சரிபார்த்தாள், புதுக் குழாயில் உறையவைத்தாள், அதன் பிறகே தொகுப்பில் சேர்த்தாள். 'இப்போது எதற்கு இது?' என்று கேட்ட உதவியாளருக்கும் அதே "ம்"தான்.

அவசரம் கிளம்பிய அந்தக் கடைசி நாளன்று மின்தூக்கியின் கதவு மூடப் பார்த்தது. அவசரம் காலை நடுவில் வைத்துத் தடுத்தாள். கையில் காலிப் பை, கண் கடிகாரத்தில்.

"சாவி, பவளம்னு எழுதினா என்ன, பவழம்னு எழுதினா என்ன, கோக்குற மணி ஒண்ணுதானே? அர்த்தம் மாறாது. அந்த ஒரே ஒரு எழுத்தை மட்டும் எனக்காக மாத்தி வெச்சிடுறியா?"